நடுநீரில் நகர்ந்த லொறி: தண்டையல் யாகோப்புக்கு வேலை திரும்ப வேண்டி

அனுப்புபவர்:
சின்னத்துரை தேவராசா,
வெங்காய மொத்த வியாபாரி,
இறங்குதுறை வீதி, புன்னைக்கண்டல்.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி,
வாகன மிதவைச் சேவைப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

விடயம்: புன்னைக்கண்டல் – வேலன்துறை பாதையின் ஓட்டுநர் திரு. ம. யாகோப்பை மீண்டும் வேலைக்கு எடுத்தலும், என்மீது நானே செய்யும் புகாரும்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் பாதையை, அதாவது வாகனங்களை அக்கரை சேர்க்கும் மிதவையை, 18.08.2025 முதல் தங்கள் பிரிவு திரும்பப் பொறுப்பேற்கும். அன்று தாங்களே வந்து தொடக்கி வைப்பீர்கள். புதிய ஓட்டுநர் ஒருவர் வருவார் என்று கடந்த ஆறாம் திகதி கடிதம் கிடைத்தது. முதல் இரண்டுக்கும் ஊருக்குப் பெரிய சந்தோசம். மூன்றாவதற்காகவே இம்மனு.

2. 14.02.2025 விடியப்புறம் பாதையின் முன் இறங்குபலகை வேலன்துறைக் கரையில் குத்தி, அதைப் பாதையோடு பொருத்தும் கீலான பிணைச்சலோடு முறிந்தது. விசாரணையில் 'ஓட்டுநரின் கவனயீனம்' என்று எழுதினார்கள். பதினெட்டு வருடம் பாதை ஓட்டிய, நாங்கள் தண்டையல் என்று அழைக்கும் யாகோப்பு இடைநிறுத்தப்பட்டார். ஐயா, அது பிழை. குற்றம் என்னுடையது.

3. எங்களூரில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பாரலொறி நடுவில், சின்ன வாகனங்கள் இரு பக்கமும் என்பதுதான் யாகோப்பின் ஒழுங்கு. ஏறும்போது எல்லோரும் 'ஓம்' என்போம். அக்கரை கண்ணில் பட்டதும் எஞ்சினை இயக்கி, முதல் ஆளாய் இறங்க முன்னுக்கு ஊருவோம். மருதனார்மடச் சந்தைக்கு முந்திப் போகிறவனுக்குத்தான் விலை. இந்த ஊருதலைத் தொடக்கி வைத்தவன் நான். சைக்கிளில் வெங்காயம் கட்டி விற்ற காலத்திலேயே முந்திப் பழகியவன்.

4. அன்று என் சாரதி றொபின், நான் சொல்லியே, நடுநீரில் லொறியை நகர்த்தினான். யாகோப்பு கத்தினார்: "தேவராசா அண்ணை, பாரம் முன்னுக்கு வந்தால் பாதை மூக்குக் குத்தும்." நான் கையைக் காட்டி, "நீர் ஓட்டும், நான் பார்க்கிறன்" என்றேன். பாதை மூக்குக் குத்தியது. விசாரணையில் என்னைக் கேட்டபோது, நித்திரையாக இருந்தேன் என்றேன். பழுதான வெங்காயத்தைப் பழுது என்று சொல்லி விற்றே முன்னுக்கு வந்தவன் நான். அந்த ஒரு நாள் மட்டும் பொய் சொன்னேன்.

5. பிறகு மூன்றரை மாதம் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் சுற்றி ஓடினோம். ஸ்கூட்டியில் வரும் மருத்துவமாது பெர்னடெட் என் கடை வாசலில் நின்று, "அண்ணை, உங்கடை வெங்காயம் பொறுக்கும், பிள்ளைப்பேறு பொறுக்குமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றே ஊர்ச்சங்கத்தைக் கூட்டி, றொபினை அருகில் வைத்து உண்மையைச் சொன்னேன். திட்டு வாங்கினேன். அது நியாயமான திட்டு.

6. தங்கள் பிரிவின் தற்காலிக அனுமதியோடு சங்கமே பாதையைத் திருத்தியது. கூப்பிடாமலே வந்தவர் யாகோப்பு. கழுத்தளவு நீரில் நின்று பழைய பிணைச்சலைக் கழற்றியவரும், புதியதைப் பூட்டியவரும் அவரே. 02.06.2025 காலை பாதை மிதந்தது. அன்று முதல் சங்கத்துக்காகப் பாதை ஓட்ட அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஏறும் ஒவ்வொரு வாகனத்தின் திறப்பும், அதாவது சாவியும், அவர் கையில். பலகை கரையில் படும்வரை திறப்புகள் சுக்கானுக்கு அருகிலுள்ள ஆணிப்பலகையில் தொங்கும். இறங்குவது ஏறிய வரிசைப்படி. முதல் திறப்பைக் கொடுத்தவன் நான்.

7. இன்றுடன் எழுபத்தொரு நாள். பாரம் நடுவிலேயே அசையாமல் இருப்பதால், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் ஒரு நாளும் பாதை நிற்கவில்லை. முன்னைய வருடங்களில் இதே காற்றுக்குப் பதினைந்து இருபது நாள் கட்டிக் கிடந்த பாதை இது. தேர்த்திருவிழாவன்று நூற்று நாற்பத்துமூன்று வாகனங்களை ஏற்றி இறக்கினோம். ஒன்றிலும் கீறல் இல்லை. 'உது இனிப் பழைய இரும்புக்குத்தான்' என்று சிரித்த வேலன்துறைக்காரர் இப்போது எங்களுக்கு முன்னே வந்து வரிசையில் நிற்கிறார்கள். என் லொறியும் சந்தைக்குப் பிந்தவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

8. ஆகவே ஐயா, விசாரணை அறிக்கையில் 'ஓட்டுநர்' என்றுள்ள இடத்தில் என் பெயரை எழுதுங்கள். எத்தண்டனையானாலும் ஏற்கிறேன். யாகோப்பின் இடைநிறுத்தத்தை 18ஆம் திகதிக்கு முன் நீக்கி, அவரையே ஓட்டுநராக அமர்த்துங்கள். றொபினின் வாக்குமூலமும், நாளாந்த ஓட்டப் பதிவும், இரு கரையிலுமுள்ள இருநூற்றுப் பதினான்கு பேரின் கையொப்பமும் இணைத்துள்ளேன்.

9. அன்று தாங்கள் சுற்றுவீதியால் வரவேண்டாம். வேலன்துறைக்கு வாருங்கள், பாதை காத்து நிற்கும். தங்கள் வாகனத்துக்கும் ஏறிய வரிசைதான், தங்கள் சாரதியும் திறப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். அதை வாங்க நீளும் கை யாகோப்பின் கையாக இருக்கத் தாங்கள் கட்டளையிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்,
சி. தேவராசா

புன்னைக்கண்டல்
11.08.2025