தம்பியின் ஏ-40க்குச் சைலன்சர் இல்லை

என் செல்லக் குட்டித்தம்பிக்கு,

பேப்பரில் உனக்குப் போட்ட அறிவித்தலில் "அகால மரணமானார்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நித்திரையில் போனவனுக்கும் அதையேதான் போடுகிறார்கள். நீ எரிந்து செத்தாய். அதை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு வருகிறது.

அன்று நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். வீடு ஒருக்கால் உதறியது. ஊரில் பழகின உடம்பு, முதலில் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டேன். ஆமிக்காரன் குண்டு போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் இது கனடா, ஸ்காபரோ என்று ஞாபகம் வந்தது. கராஜுக்கு ஓடினேன். உன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஸ்நோவுக்குள் போட்டேன். உன் ஜக்கெற் என் கையோடு கழன்று வந்தது. ஜக்கெற் மட்டும்தான் என்று நினைத்தேன்.

அந்தக் காரை நீ கட்டி இழுத்து வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எங்கோ ஒரு பண்ணையில் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடந்ததாம். ஒஸ்ரின் ஏ-40. ஊரில் நீ வாடகைக்கு ஹையர் ஓடினதும் அதே இனக் கார்தான். ஆமி ஹெலியிலிருந்து சுட்டுக் கொளுத்தினதும் அதைத்தான். கண்டவுடன் நீ அதைத் தடவிக் கொடுப்பாய் என்று பார்த்தேன். நீ கிறைண்டரை எடுத்து அதன் கூரையை அறுத்தாய். பொறி பறக்கப் பறக்க அறுத்து, கழுத்தைக் குறுக்கித் திரும்ப ஒட்டினாய். முன்பக்கத்தைப் பிளந்து, அடிபட்டு நசுங்கின பிக்கப் ஒன்றிலிருந்து பிடுங்கின எட்டுச் சிலிண்டர் எஞ்சினை அதற்குள் இறக்கினாய். பொனற் மூடவே இல்லை. எஞ்சின் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

"உதென்னடா, கழுத்து வெட்டின கோழியைக் கொண்டந்து வைச்சிருக்கிறாய்?" என்றேன்.

"கோழியில்லை அக்கா, சேவல். கூவேக்க பார்."

அது முதல்தரம் கூவியபோது நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். நீ சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குந்தினாய்.

"எத்தினை வருசம் அவன்ரை சத்தத்துக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்தம். ஒருக்கா நாங்களும் சத்தம் போட்டுப் பாப்பம் அக்கா. உதுக்குச் சைலன்சர் பூட்டமாட்டன்."

உன் அத்தான் அந்தச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் யன்னல் திரையை இழுத்துவிடுவார். அவருக்கு அடுத்த வீட்டு வெள்ளைக்காரனை நினைத்துப் பயம். நீ தக்காளி என்று பேர் வைத்த அதே சிவந்த மூஞ்சிக்காரன். அந்த மனுசன் வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்ப்பார், பிறகு உள்ளே போய்விடுவார்.

"கராஜ் கதவைச் சாத்தடா. உவன் பொலிசுக்கு அடிக்கப்போறான். அகதிக் கேஸ் முடியாமல் கிடக்கு, பிடிச்சு ஊருக்கு ஏத்திப்போடுவாங்கள்."

"சாத்தினாப் புகை அடிக்கும் அத்தான்."

"புகை அடிச்சாச் சாகமாட்டாய். சாத்து."

அன்றும் நீ சாத்தினாய். குளிருக்கு மூலையில் ஹீற்றரும் எரிந்தது. பற்றரி குளிரில் செத்துப்போய் எஞ்சின் பிடிக்கவில்லை. அப்போதுதான் அந்தப் போத்தலை எடுத்திருக்கிறாய், மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட அந்தச் சின்னப் போத்தலை. ஊரில் பெற்றோலுக்குத் தடை வந்த காலத்தில் எல்லாரும் அப்படித்தானே செய்தீர்கள். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆனால் ராசா, ஊரில் அது வெளியில், மரத்துக்குக் கீழே. இங்கே நாலு சுவர், சாத்தின கதவு, மூலையில் நெருப்பு. இது உனக்குத் தெரியாமலா போனது? கை தெரிந்ததைச் செய்துவிட்டதா?

செத்தவீட்டில் உன் அத்தான் வந்தவர்களிடமெல்லாம், "அந்தக் கார் அவனைத் திண்டுபோட்டுது" என்று அழுதார். மூன்றாவது ஆளுக்கும் அதையே சொன்னபோது நான் எழும்பிப்போய், உன் பெட்டிக்கு முன்னாலேயே, அவருடைய கன்னத்தில் அறைந்தேன். "கார் இல்லை. நீங்கள் சாத்தச் சொன்ன கதவு" என்றேன். அவர் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

பிறகு அவர் காரை நசுக்கி இரும்பாக்குவதற்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார், எனக்குச் சொல்லாமல். இழுக்கிற லொறி வந்து சங்கிலியை மாட்டும்போதுதான் கண்டேன். உன்னை முழுதாக எரித்தாயிற்று தம்பி. நீ போட நினைத்த சத்தம் மட்டும் அதற்குள் மிச்சம் கிடந்தது. உன் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். லொறியின் ஒரு லைற்றை உடைத்தேன். மற்றதையும் உடைத்தேன். எனக்கு வந்த இங்கிலிஷ் "நோ" மட்டும்தான். அவன் இறங்கி வந்து என் கையை முறுக்கினான். நான் கடித்தேன். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது.

அப்போது தக்காளி வேலியால் ஏறி விழுந்து வந்தார். பொலிசுக்குச் சொல்லத்தான் வருகிறார் என்று அவருக்கும் அலவாங்கை ஓங்கினேன். அவர் எனக்கும் லொறிக்காரனுக்கும் நடுவில் நின்று அவனைக் கத்திக் கலைத்து அனுப்பினார். பிறகு எஞ்சினில் கையை வைத்து ஏதோ கேட்டார். நின்று நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொன்னதால் விளங்கியது. அவரும் இளவயதில் இப்படிக் கார்களை வெட்டிக் கட்டினவராம். இது என்ன எஞ்சின் என்று உன்னிடம் கேட்க எவ்வளவு நாளாக வேலியில் நின்றாராம். அந்தச் சத்தத்தைக் கேட்க வாசலில் கதிரை போட்டுக்கொண்டு இருப்பாராம். கடைசியாக, ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று கேட்டார்.

உள்ளே போய் அதை அப்படியே உன் அத்தானிடம் சொன்னேன். அவர் சுவரில் தலையை அடித்தார். நெற்றி வெடித்து இரத்தம் வந்த பிறகும் அடித்தார். நான் தடுக்கவில்லை. ஓய்ந்து அவர் சரிந்த பிறகுதான் துணி நனைத்துக்கொண்டு போனேன்.

கேஸ் முடிந்துவிட்டது குட்டி. எங்களை ஏற்றுக்கொண்டார்கள். உன் பெயருக்கும் கடிதம் வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் தக்காளி வெல்டிங் பிடிக்கிறார், உன் அத்தான் லைற் பிடிக்கிறார். இரண்டு பேருக்கும் பேச மொழி இல்லை, நல்லது. கருகின பெயின்ற்றைச் சுரண்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கராஜ் கதவை நான் கழற்றிக் குப்பைக்குப் போட்டுவிட்டேன். உன் போத்தலை நிலத்தில் போட்டுக் காலால் நசுக்கினேன். பற்றரி புதிது. கார் ஓடப் பழகுகிறேன். சைலன்சர் பூட்டாவிட்டால் பொலிஸ் மறிக்கும் என்கிறார் தக்காளி. மறிக்கட்டும்.

ஸ்நோ கரைந்தவுடன் உன் சாம்பலைக் கரைத்த ஏரிக்கரைக்கு அதை நானே ஓட்டி வருவேன். ரொறன்ரோ முழுக்க அதிர அதிர வருவேன். அன்றைக்கு நான் காதைப் பொத்தமாட்டேன்.

உன்னைப் பனிக்குள் இழுத்துப் போட்ட
உன் அக்கா