கேட்காமல் பார்ப்பவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

புகார் மின்னஞ்சல்களில் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எங்கள் இணைய விளையாட்டில் நன்றாக ஆடும் ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "எந்த ஆட்டத்துக்குப் போனாலும் ஒரே ஆள் பார்வையாளரா வந்து நிக்கிறான். விவாகரத்து வாங்கின என் புருஷன். நிறுத்த முடியுமா?"

முடியாது. யார் பார்க்கக் கேட்டாலும் சர்வர் உடனே உள்ளே விட்டுவிடும். ஆடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்காது. அந்தப் பகுதியை எழுதியவள் நான்தான்.

மார்ச் 5

மேலாளரிடம் சொன்னேன். சிரித்தார். "சும்மா பாக்குறதுதானேம்மா. பாத்தா தேஞ்சா போயிடுவாங்க?"

தேய்ந்துதான் போகிறாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. என் மேசைக்குத் திரும்பி வந்தேன். என்மேலேயே எரிச்சல்.

மார்ச் 7

சர்வர் பதிவுகளைத் தோண்டினேன். பதினொரு வாரமாக அவள் ஆடிய ஆட்டங்கள் இருநூற்று மூன்று. நூற்றுத் தொண்ணூற்றெட்டில் அவன் இருந்திருக்கிறான். நடுவில் பெயரை மாற்றிப் பார்த்திருக்கிறாள். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான்.

இதுவா சும்மா பாக்குறது?

மார்ச் 10

சனி, ஞாயிறு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். இனி பார்க்கக் கேட்டால் கோரிக்கை ஆடுபவருக்குப் போகும். அவர் சம்மதித்தால்தான் உள்ளே வர முடியும். மேலாளர் கிடப்பில் போட்டுவிட்டார். "பார்வையாளர் எண்ணிக்கை விழுந்துடும். அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் பாக்கலாமாம். அவன் மட்டும் தினமும் பாக்கலாம், இப்பவே பாக்கலாம். பத்திக்கிட்டு வருது எனக்கு.

மார்ச் 11

மேலாளர் மதிய இடைவேளையில் ஆடுவார். புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, பார்வையாளராக நுழைந்தேன்.

மார்ச் 14

நான்காவது நாள். நான் எதுவும் செய்யவில்லை — அவருடைய ஒவ்வொரு ஆட்டத்திலும் நின்றேன், அவ்வளவுதான். இன்று பாதியில் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"எவனோ என் பின்னாடியே வர்றான். கை ஓட மாட்டேங்குது. யாருன்னு பாத்துச் சொல்லு."

"நான்தான் சார்."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"என்கிட்ட நேரா சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே சார். நீங்க சிரிச்சீங்க."

மார்ச் 17

மேலாளரே சம்மதித்து, மாற்றம் சர்வரில் ஏறியது. ஆனால் என்னோடு பேசுவதில்லை. போகட்டும். அவனிடமிருந்து இன்று மட்டும் பதினாறு கோரிக்கைகள். பதினாறையும் மறுத்திருக்கிறாள்.

மார்ச் 19

அவள் ஆட வந்திருந்தாள். எப்படித்தான் ஆடுகிறாள் என்று பார்க்க எனக்கே ஆசை. கோரிக்கை அனுப்பினேன்.

மறுத்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.