தெருவுக்கும் சமையலறைக்கும் நடுவே

பழவேற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரின்சி நைனாவுக்கு,

ஜாக்குலின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இருக்கிறோம். பஹ்ரைன் கடலில் உங்கள் போட்டுக்குச் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகைதான் வருகிறது. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் தாமோதரன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பிள்ளை பிரின்சியின் வயிற்றுவலிக்குப் பூச்சி மாத்திரை கொடுத்து அலுத்துப்போய், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். வலைக்கு வீட்டிலேயே ஈயம் உருக்குவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை, வலையில் கட்டும் ஈயக் குண்டைக் கடையில்தான் வாங்குவோம் என்றேன். அப்படியானால் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள் என்றார். நான் காய்ச்சித்தானே கொடுக்கிறேன் என்றேன். காய்ச்சினால் ஈயம் போகாதும்மா என்றார்.

வந்ததும் சமையலறை ஓரத்தில் தரையைப் பெயர்த்தேன். கருத்த குழாய். காந்தம் ஒட்டவில்லை. மீன் கத்தியால் சுரண்டினால், வலையில் கட்டும் குண்டு மாதிரியே பளபளக்கிறது. பக்கத்து வீட்டு லத்தீபா அக்கா வீட்டிலும் அதேதான்.

பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் சொன்னால், "தெருக் குழாய் பூரா போன வருசமே மாத்தியாச்சு, இன்னும் இன்னாம்மா?"ன்னு கேட்கிறார்கள். தெருவில் பிளாஸ்டிக், தெருவிலிருந்து வீட்டுக்குள் பழைய ஈயம். அது எங்கள் வேலை இல்லை, வீட்டு ஓனரைக் கேள் என்கிறார்கள். ஓனரோ, என் தாத்தா குடித்த தண்ணீர்தானே என்கிறார். நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது.

ஒருவழியாக ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். வாசல்வரை மாற்றி, மிச்ச ஈயத்தோடு ஒட்டுப்போட்டு மூடப் பார்த்தார்கள். பாதியில் வெட்டினால் ஈயம் இன்னும் உதிரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். லத்தீபா அக்காவும் இறங்கி, "எங்க மேலயே மண்ணைப் போடு, பாக்கலாம்"னு சத்தம் போட்டார். தெருவே கூடிவிட்டது. சாயங்காலம் இஞ்சினியர் வந்து, இரண்டு வீட்டுக்கும் சமையலறைக் குழாய் முனைவரை மாற்ற வைத்தார்.

மற்ற வீடுகளுக்கு? கணக்கெடுப்பு நடக்கும் என்றதோடு சரி. எதிர்வீட்டுத் தேவகி பிள்ளைத்தாச்சி. ஆபீசில் யாருக்கும் உறைக்கவில்லை. நாளைக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் ஆபீசுக்குப் போகிறோம்.

பிரின்சிக்கு வலி குறைந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறுகிறாளே, அதுவும் ஈயத்தால்தானா, சரியாகுமா என்று கேட்டேன். போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளோடு பேசும்போது பதில் வர நேரமானால், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதீர்கள். அவள் லைனில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் ஜாக்குலின்