காலை வட்டத்தில் மூன்று விரல்

ஜனவரி 14, செவ்வாய்

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ஜன்னல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் முதுகை ஒடித்துக்கொண்டவனுக்குத் தெரியாதா? "பாருங்கண்ணே, ஒருநாள் இவங்களே நம்மள உடற்பயிற்சி பண்ணச் சொல்வாங்க" என்று போன வருஷமே அண்ணன் டெல்மரிடம் சொன்னேன். இன்று வந்துவிட்டது.

அலுவலகத்திலிருந்து கெய்லா என்ற பெண் வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். வேலைக்கு முன் ஐந்து நிமிடம் கை கால் நீட்டல், வேளாவேளைக்குத் தண்ணீர், மதியம் நடை, வீட்டில் சாப்பாட்டு மேஜைக்குப் போன் வரக்கூடாது, உப்பைக் குறை. பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டுமாம். நூறு பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். (எங்கள் பிரிவில் இருப்பது பதினெட்டுப் பேர். இருக்கட்டும்.)

ஜனவரி 15, புதன்

நீட்டல் முடிந்ததும் வட்டமாக நின்று, இன்று எப்படி இருக்கிறோம் என்று விரலால் காட்ட வேண்டும். ஐந்து என்றால் பிரமாதம். இரண்டும் அதற்குக் கீழும் என்றால் தலைவர் அந்த ஆளைக் கையோடு தொழிற்சாலை நர்ஸிடம் அழைத்துப் போக வேண்டும். முப்பது நாள் யாரும் மூன்றுக்குக் கீழே இறங்காத பிரிவுக்கு வாசல் பலகையில் பெயர்.

எங்கள் மின்னசோட்டாக்காரர்களிடம் கேட்கிற கேள்வியா இது? நான்கு காட்டினால் பீற்றல். இரண்டு காட்டினால் புலம்பல். பதினேழு பேரும் மூன்று. நான் மட்டும் ஐந்து.

பக்கத்தில் நின்ற லோவல் விடுவானா? "இவனுக்கு யாராவது இன்னொரு கை குடுங்கப்பா. பத்து காட்டட்டும்."

அதே வட்டத்தில் நின்ற அண்ணன்கூடச் சிரித்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

வீட்டிலும் திட்டம் அமல். அண்ணி இறந்துபோனதிலிருந்து அண்ணன் என்னோடுதான். உப்பு டப்பாவை அலமாரி உச்சியில் வைத்தேன். மேஜையில் கேரட். உப்பு உள்ளே போனால் ரத்தம் கெட்டியாகித் தயிர் மாதிரி உறைந்துவிடும் என்று விளக்கினேன். டாக்டர்களே இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்.

"உப்பு எங்கடா?"

"உங்க நல்லதுக்குத்தான்."

"உன் நல்லது தொண்டையில இறங்க மாட்டேங்குதே."

டுலூத் நகரத்திலிருந்து அவர் மகள் மார்னி போன் செய்தாள். "சித்தப்பா, அப்பாவ நீங்கதான் பாத்துக்கணும். அவரு எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு." நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை என்றேன்.

ஜனவரி 30, வியாழன்

பன்னிரண்டாம் நாள். ஒருவரும் இறங்கவில்லை. மேலாளர் என் தோளைத் தட்டினார். இரண்டு முறை.

பிப்ரவரி 6, வியாழன்

அண்ணன் விழுந்துவிட்டார்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். காலை வட்டத்தில் எல்லோரையும் போல மூன்று காட்டினார். நான் பார்த்தேன். ஒன்பதரைக்குக் கண்ணாடித் தகட்டைத் தூக்கும்போது வலது கை அப்படியே விட்டுவிட்டது. தகடு நொறுங்கியது. அவர் அதன் பக்கத்திலேயே சரிந்தார். நான் ஓடினேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்ன பண்ணுது?"

"மோச...மில்லடா."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். வலது பக்கமும் பேச்சும் திரும்புமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார், அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. "சில பேருக்குக் காலையிலயே லேசா ஏதாவது தெரியும். அப்பவே வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். ஏதாவது காட்டினாரா?"

இல்லை என்றேன்.

மார்னி பனியில் மூன்று மணி நேரம் காரோட்டி வந்தாள். "நீங்கதானே அங்க தலைவர். அவரு முகத்தப் பாத்தீங்களா சித்தப்பா?"

"பாத்தேன்மா. மூணுதான் காட்டினாரு."

"காட்டுவாரு! செத்தாலும் மூணுதான் காட்டுவாரு!" என்று அவர் கட்டிலைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அழுதாள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று நர்ஸ் சொன்னாள்.

பிப்ரவரி 13, வியாழன்

தினமும் வேலை முடிந்ததும் மருத்துவமனை. அவர் வலது கையைப் பிடித்து நீட்டல் செய்துவிடுகிறேன். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். என் கை பட்டால் கல்லும் அசையும் என்று அந்த நர்ஸிடம் சொல்லிவைத்தேன். ஒன்றும் அசையவில்லை. ஈரத் துணி மாதிரி கிடக்கிறது. வேறு என்னதான் செய்வது? என்ன செய்யணும்னு யாராவது சொன்னா செய்ய மாட்டேனா?

பிப்ரவரி 17, திங்கள்

உப்பு டப்பாவை இறக்கி மேஜையில் வைத்தேன். நான் ஒருத்தன்தான் சாப்பிடுகிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முப்பது நாள் முடிந்தது. எங்கள் பிரிவு ஜெயித்துவிட்டது. தாளின்படி ஒருவரும் மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. கெய்லா பெயர்களைப் படித்தாள், அண்ணன் பெயரையும். யாரும் கைதட்டவில்லை. நான் பேச வேண்டும் என்றார்கள். பேசவில்லை. லோவல் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "என்னப்பா, உனக்கும் பேச்சு போயிடுச்சா?" என்றான். உடனே, "மன்னிச்சுக்கோ, வாய் தவறிடுச்சு" என்றான்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று மார்னி அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்குக் காலையில ஏம்ப்பா சொல்லல? ரெண்டு விரல் காட்டியிருந்தா சித்தப்பா உங்கள நர்ஸ்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாரில்ல?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சும்மா பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, முடிந்த வரைக்கும் தலையை அசைத்தார். தப்பு தன் மேல்தான் என்கிற மாதிரி. அவள் அவரை மன்னித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நான் காபி வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். இதை வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த நோட்டில் நான் நிறையக் கூட்டி எழுதுவேன். ஆறாம் தேதி எழுதியதில் ஒரே ஒரு இடத்தில்தான் கூட்டினேன். ஒரு விரல்.

அவர் இரண்டுதான் காட்டினார். அது பதினேழாம் நாள். கெய்லா எங்கள் விரல்களைத் தாளில் எழுத வந்துகொண்டிருந்தாள். "என்னண்ணே, எண்ணத் தெரியாமப் போச்சா?" என்று சிரித்துக்கொண்டே போய் அவருடைய மூன்றாவது விரலை நான்தான் நிமிர்த்திவிட்டேன். வட்டத்தில் எத்தனை பேர் பார்த்தார்களோ, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவரும் அதை மடக்கவில்லை.