காதின் மேல் விழுந்த பழி

சென்னை
18.11.1994

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். தச்சநல்லூரில் மழை விடவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தை பிறந்ததும் விஜயஸ்ரீயையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு திசையன்விளைக்கே போய்விடுகிறேன். மாமனாருடைய இரும்புக்கடைக்கு ஆள் வேண்டும். அத்தான் இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், நான்தான் கேட்கவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து என் வாசிப்பில் சுருதி நிற்கவில்லை. ஒத்திகையில் எங்கள் குழுவை நடத்தும் பலவேசம் அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிட்டு, "ஏலே குமரவேலு, காதை எங்கனலே விட்டுட்டு வந்த? திசையன்விளை பஸ் ஸ்டாண்டுலயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரமும் நிறுத்தினார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

காது டாக்டரைப் பார்த்தேன். இடது காதில் கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்குக் காது போனால் மிச்சம் என்ன? கிட்டாரை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
குமரவேல்


தச்சநல்லூர்
24.11.1994

அன்புள்ள குமரவேலுக்கு,

வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. தெருவோடு போய்விட்டது. உன் அத்தான் அதிலும் குறை கண்டுபிடித்தார். தண்ணீர் ஓடும் வாறுகாலைக் கோணலாகக் கட்டியிருக்கிறார்களாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் வருத்தம்தான். ஆனால் வருத்தப்படுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இயற்பியல் பாடம் நடத்தி நடத்தி வந்த குணம், பொறுத்துக்கொள். டாக்டர் எந்தச் சத்தத்தில் குறை என்று சொன்னார், கீச்சென்ற சத்தத்திலா, கனமான சத்தத்திலா? சுருதி விலகுவது எப்போதுமா, சில இடங்களில் மட்டுமா? குறை உன்னிடமா, கருவியிடமா என்று எப்படி முடிவு செய்தாய்?

அத்தான் சொன்னார் என்பதற்காகக் கடைக்குப் போகாதே. விருப்பம் இருந்தால் போ. விஜயஸ்ரீ என்ன சொல்கிறாள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா சித்ரலேகா


சென்னை
1.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குப் பதில் எழுதுவது பரீட்சை எழுதுவது போல இருக்கிறது.

டாக்டர் சொன்னது கீச்சென்ற சத்தத்தைத்தான். "இந்த வயசுல நிறைய பேருக்கு இருக்கறதுதான் சார்" என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

கம்பியை அழுத்தாமல் வாசித்தால் சரியாக இருக்கிறது. கிட்டார் கழுத்தின் நுனிப்பக்கம் அழுத்தினாலும் பாதகமில்லை. கிட்டாரின் உடம்புப் பக்கமாக மேலே போகப் போகத்தான் சுருதி புளிக்கிறது, தடித்த கம்பியில் ரொம்ப மோசம்.

கருவியைப் பார்க்காமல் இருப்பேனா? கழுத்தை ஒரு கண்ணால் நோக்கினேன், முறுக்கும் இல்லை, வளைவும் இல்லை. கம்பியின் இரண்டு கோடியையும் அழுத்திக்கொண்டு நடுவில் இடைவெளி பார்த்தேன், ஒரு காகிதம் நுழைகிற அளவுதான். கழுத்தில் குறுக்கே பதித்த எந்த ஃபிரெட்டிலும் கம்பி இரையவில்லை. ஒரு தடவை மீட்டினால் நான் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை நாதம் நிற்கிறது. இப்படி ஒரு பேஸ் இனி என் கைக்கு வராது. அதனால்தான் சொல்கிறேன், குறை என்னுடையது.

பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பியின் சரிபாதி. அங்கே விரலால் சும்மா தொட்டு மீட்டினால் வரும் சத்தமும் அழுத்தி மீட்டினால் வரும் சத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தச் சோதனையை மட்டும் நான் செய்யவில்லை. இரண்டும் மற்றவர்களுக்கு ஒன்றாகக் கேட்டு, எனக்கு மட்டும் வேறாகக் கேட்டால் கதை முடிந்துவிடும் அக்கா. கை வரவில்லை.

விஜயஸ்ரீயைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

குமரவேல்


தச்சநல்லூர்
6.12.1994

அன்புள்ள குமரவேலுக்கு,

உன் கடிதத்தில் விடை இருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை.

காதுக்கு ஃபிரெட் தெரியாது. உன் விரல் கழுத்தில் எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓரிடத்தில் சரியாகவும் ஓரிடத்தில் தப்பாகவும் கேட்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இடத்தை. டாக்டர் சொன்னதோ கீச்சென்ற சத்தம். நீ வாசிப்பது கனமான சத்தம். இரண்டையும் நீயாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாய்.

அந்தச் சோதனையை இப்போது செய். கேட்பது நீ இல்லை, விஜயஸ்ரீ. அவளை முதுகு காட்டி உட்காரச் சொல். அவள் உன்மேல் பிரியமுள்ளவள், முகத்தைப் பார்த்தால் உனக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிடுவாள். இரண்டு சத்தமும் ஒன்றா, வேறா, அதை மட்டும் கேள்.

வேறு என்றால், கம்பி போய் உட்காரும் இடத்தைப் பார். நீ எழுதியதில் அந்தப் பக்கம் ஒரு சொல்கூட இல்லை.

சித்ரலேகா


சென்னை
13.12.1994

அக்கா,

வேறு! வேறேதான்!

விஜயஸ்ரீ சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் தொட்டு மீட்டினேன், பிறகு அழுத்தி மீட்டினேன். "ரெண்டும் வேற வேறங்க. ரெண்டாவது கொஞ்சம் மேல நிக்கி" என்றாள். இன்னொரு தடவை செய்தேன். "எத்தனை மட்டம் கேட்டாலும் வேறதான்" என்று திரும்பினாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் கண்ணெல்லாம் தண்ணீர். எனக்குக் கேட்டதுதான் அவளுக்கும் கேட்டிருக்கிறது.

கம்பி உட்காரும் பிரிட்ஜின் மேல் ஒரு நிக்கல் மூடி உண்டு. கருவி வந்த புதிதில் உள்ளே சரிசெய்து மூடினேன், பிறகு திறந்ததே இல்லை. அதற்குள் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன உலோகத் துண்டு, ஆக நான்கு. அவை முன்னும் பின்னுமாக, படிக்கட்டு போல நிற்க வேண்டும். தடித்த கம்பியை அழுத்தினால் சுருதி அதிகம் ஏறும், அதனால் அதன் துண்டு பின்னால் தள்ளி இருக்கும். மூடியைத் திறந்தால் நான்கும் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசை! மூலையில் காய்ந்த சந்தனம் வேறு.

பழையபடி படியாக்கி, ஒவ்வொரு கம்பியாகச் சரிபார்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சாயங்காலம் ஒத்திகை. பாட்டு முடிகிறவரை அண்ணாச்சி எங்கேயும் நிறுத்தவில்லை. கடைசியில், "பஸ் ஸ்டாண்டுல போய் எடுத்துட்டு வந்துட்டான்வே" என்றார். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

விற்கவில்லை. தைக்குத் திசையன்விளையும் இல்லை. மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இன்னொன்று, மூடியைத் திறந்தது யார்? பூஜைக்குக் கருவியை உங்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தானே திசையன்விளைக்குப் போய் வந்தோம்?

உன் தம்பி,
குமரவேல்


தச்சநல்லூர்
21.12.1994

அன்புள்ள தம்பி குமரவேலுக்கு,

உன் கடிதத்தை வாசல்படியில் நின்றே படித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல்லூரிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். என் சந்தேகம் சரியாக இருக்கும் என்று நானே முழுதாக நம்பியிருக்கவில்லை. அதை உனக்கு எழுதாமல் இருந்தது நல்லதாயிற்று.

மூடியைத் திறந்தது யார் என்று கேட்டிருந்தாய். ஓவர்சியர் வேலையில் ஆயுசெல்லாம் நூல் பிடித்துச் சுவர் பார்த்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான். கடிதத்தை உன் அத்தான் கையில் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"பூஜையில வைக்கதுக்கு முன்னால தொடச்சு வைப்பமேன்னு மூடியைக் கழத்துனேன். உள்ள நாலும் ஏறுக்குமாறா கெடந்துச்சு. எந்தப் பய மாட்டுனானோன்னு நெனச்சு, பூக்கட்டுத நூலைப் பிடிச்சு நேராக்கி வச்சேன்."

"அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"மச்சினன் சாமானை ஒழுங்கு பண்ணிக் குடுத்ததைச் சொல்லியா காட்டுவாக?"

அவருக்குத் தெரிந்த ஒரே பிரியம் அதுதான், தம்பி. என் பேனாவைக்கூட மேசை விளிம்புக்கு நேராக வைப்பார். உன் தொழிலை அவர் மதிக்கவில்லை என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். அந்தக் கருவியைத் துடைத்துப் பொட்டு வைத்தது அவர் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, "திசையன்விளைக்குப் போயிட்டு வாரேன். கடைக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லணும்லா? அவன் சொன்னா அவுகளுக்குக் கோவம் வரும். நான் சொல்லிக்கிடுதேன்" என்று கிளம்பிவிட்டார். நடந்ததை ஒளிக்காமல் உன் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஒரு கூடை முருங்கைக்காய் கொடுத்துவிட்டிருக்கிறார். கோபம் எதுவும் இல்லையாம். விஜயஸ்ரீயிடம் சொல்.

திரும்பி வந்தவர் நீ முன்பு அனுப்பிய கேசட்டைப் போடச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல இவன் எது?" என்றார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தடவை வரும்போது நீயே காட்டு.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்று காலை காற்றில் சுவர்க் காலண்டர் சாய்ந்து தொங்கியது. அத்தான் வழக்கம் போலக் கையை நீட்டிக்கொண்டு போனார். பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஏளா, இது தானா சாஞ்சதா, வேணும்னே வச்சதா?"

அன்புடன்,
அக்கா சித்ரலேகா