ரிஜிஸ்டர் தபாலில் போன கடுதாசி

1957 யூலை 8, திங்கள்

மழை. ஒன்பது நாளாக விடவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரை சரியாக என் தலைக்கு நேரே ஒழுகுகிறது.

தங்கச்சி பார்வதிக்கு நோட்டீஸ். முப்பது நாளில் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறான் மரக்கடைக்காரன். லிந்துலை ரோட்டோரம் அவள் புருஷன் வாங்கிப் போட்ட கால் ஏக்கர். அவர் செத்த வருஷம், மரம் அடுக்க முன்பக்கம் மட்டும் குத்தகை என்று சொல்லி இவளிடம் கைநாட்டு வாங்கினான். முழுக் காணியும் விற்றதாகப் பத்திரம் பதிந்துவிட்டான். 53இல் காணிக் கந்தோருக்குப் போய் அதைக் கண்டுபிடித்தவனே நான்தான். கந்தோரே எழுந்து நின்றது. சரி, பியோன் எழுந்தான்.

அன்றே பெட்டிசன்காரரைப் பிடித்து இங்கிலீஸில் அவனுக்கு ஒரு கடுதாசி. "உன் மோசடி அம்பலம். கொழும்புப் பெரிய கோர்ட் வரை இழுப்பேன்." கையெழுத்து என்னுடையது, வால் சுழித்து. நாலு வருஷம் வாயைத் திறந்தானா? நடுங்கிப் போனான் என்று காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நூறு தரம் சொல்லியிருக்கிறேன்.

யூலை 9, செவ்வாய்

நாளை அட்டன், வக்கீலைப் பார்க்க. எடுக்க வேண்டியவை: குடை, நோட்டீஸ், கடுதாசி நகல், ரிஜிஸ்டர் தபால் ரசீது. கோட்டில் பூஞ்சணம். துடைத்தேன்.

பார்வதி: "நானும் வரட்டாண்ணே?"

"நீ எதுக்கு? நான் உள்ள போனா புரக்டர் நாற்காலி போடுவாரு."

யூலை 10, புதன்

நாற்காலி போடவில்லை.

புரக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் நல்ல முகம். "மோசடி எண்டால் பத்திரத்தை உடைக்கலாம். தெரிய வந்த நாளிலயிருந்து மூண்டு வருசம் இருக்கு. அவவுக்கு எப்ப தெரியும்?"

நோட்டீஸ் வந்ததும்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் கடுதாசியை எடுத்து நீட்டினேன். ரசீதையும்.

தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஆர் எழுதினது?"

"நாந்தாங்க."

"அவனுக்குக் கிடைச்சதோ?"

"கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கானுங்க!"

"ஐயோ மனுசன். அண்டைக்கே வழக்குப் போட்டிருக்க வேணும். இதைத்தான் அவன் பத்திரமா வச்சுக்கொண்டு நாள் எண்ணியிருக்கிறான். காலம் கடந்து போச்சு."

தலவாக்கொல்லை வரை நின்றே வந்தேன். பஸ்ஸில் இடம் இருந்தது.

யூலை 11, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. வேலை மேய்க்கும் கண்டாக்கிடம் காய்ச்சல் என்றேன்.

நகலை அடுப்பில் போட்டேன். என்ன பிரயோசனம், அசல் அவனிடம். சும்மா இருந்திருந்தால்? ஊமையாகப் பிறந்திருந்தால்?



யூலை 13, சனி

மழை விட்டது. சொல்லிவிடுவது என்று பார்வதி வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கண்ணன் ஒரு கடுதாசி போட்டுத்தான நாலு வருசமா அவன் இந்தப் பக்கமே வரல. இப்பவும் அண்ணன் பாத்துக்கிரும்."

என்னைக் கண்டதும், "புரக்டர் என்னண்ணே சொன்னாரு?"

"என் இங்கிலீசைப் பார்த்து அசந்து போயிட்டாரும்மா."

சிரித்தாள். லீக்ஸ் நாற்றுக் கட்டை அவிழ்த்தாள். நாலு மாசப் பயிர்.

பாத்தி கோணாமல் இருக்கக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். ஏழு வரிசை நட்டாள்.