நன்றி நாளுக்கு நான் எடுத்த மெல்லிய புத்தகம்

இன்று பூசை முடிந்த பிறகும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசணிக்காயும் ஆப்பிளும் வைக்கோலும் கலந்த மணம். ஒக்டோபர் முதல் ஞாயிறு. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். ஸ்டுட்கார்ட்டில் தோட்டம் உள்ளவர்கள் விளைந்ததைப் பீடத்தின் முன் குவித்திருந்தார்கள். நான் கடையில் வாங்கிய ஒரு பை ஆப்பிளை வைத்துவிட்டு வந்தேன். நீர் இருந்திருந்தால் அதை வைக்க விட்டிருக்க மாட்டீர்.

நாங்கள் இந்த நாளுக்குச் சேர்ந்து போன முதல் வருடம், நாலாம் மாடியில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் எங்களுக்கு ஏது விளைச்சல் என்று நான் கேட்க, நீர் பூசணிக்காய்களுக்கு நடுவில் ஒரு தமிழ் நாவலைச் செருகினீர். "எங்களுக்கு இந்த வருசம் விளைஞ்சது இதுதான்." பிறகு எடுக்கலாம் என்று கோப்பி குடிக்கப் போனோம். பீடத்தில் வைத்ததெல்லாம் இல்லாதவர்களுக்குச் சமைக்கும் இடத்துக்குப் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மறுநாள் அங்கே ஓடினோம். உருளைக்கிழங்குப் பெட்டிக்குள் இருந்து அதை மண்ணோடு எடுத்துத் தந்த பெண், சமையல் புத்தகமா என்று கேட்டாள். நீர் வெட்கமில்லாமல் ஓம் என்று தலையாட்டினீர். இப்போதும் சிரிப்பு வருகிறது.

அதிலிருந்து அது எங்கள் வழக்கமாயிற்று. நன்றி நாளில் தொடங்கி, நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் வரை ஒரு புத்தகம். ஞாயிறு பின்னேரங்களில் என் வீட்டில் மாறி மாறிச் சத்தமாக வாசிப்போம். ஒரு வருடம் உம்முடைய தெரிவு, மறு வருடம் என்னுடையது. நான் நல்லபடி முடிகிற கதைகளாகப் பார்த்து எடுப்பேன். உமக்குக் கோபம் வரும். "எல்லாம் கிடைச்ச ஆக்களின்ரை கதையிலை நன்றி எங்கை இருக்குது?" நீர் எடுப்பதில் கட்டாயம் ஒருவர் ஒன்றுமில்லாமல் வந்து, முன்பின் தெரியாத வீட்டில் சாப்பிடுவார். அந்த இடம் வந்ததும் புத்தகத்தை என் மடியில் தள்ளிவிட்டுத் தேநீர் போட எழும்பிவிடுவீர். நாங்கள் இரண்டு பேரும் ஊரை விட்டு அப்படி வந்தவர்கள்தானே.

போன வருடம் என் முறை. நீர் ஆசுப்பத்திரியில் இருந்தீர். அலுமாரிக்கு முன்னால் கனநேரம் நின்று, எண்பது பக்கத்துப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். நீர் அதைத் திறக்கவே இல்லை. கையில் வைத்துத் தடிப்பைப் பார்த்தீர்.

"என்ரை நாளை எண்ணிப் பாத்துப்போட்டோ இதை எடுத்தனீர்?"

"சீ, விசர்க்கதை கதையாதையும். கனம் பிடிக்க உமக்கு ஏலாதெண்டுதான் மெல்லிசா எடுத்தனான்."

"அப்ப நீர் பிடியும், நான் கேக்கிறன். மேல்தட்டிலை கிடக்கிற தடிச்சதைக் கொண்டு வாரும்."

மறுநாளே கொண்டு வந்தேன். வேலை முடிந்து தினமும் உம்முடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். நீர் கண்ணை மூடியிருந்தபடியே, ஒரு வரி தவறினாலும் கண்டுபிடித்துவிடுவீர். அதில் கால்வாசி முடிவதற்குள் போய்விட்டீர்.

என் பிள்ளைகள் நல்லவர்கள், ஆனால் ஜெர்மன் மொழியில்தான் வாசிக்கிறார்கள். தமிழ்க் கதை ஒன்றுக்காக என்னோடு சண்டை பிடிக்க இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை. இன்று பின்னேரம் விட்ட இடத்திலிருந்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு பந்தியைத் தாண்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

கனம் என்று சொன்னது பொய். நீரும் அறிவீர், ஆனாலும் என் வாயால் சொல்லாததுதான் இந்த ஒரு வருடமும் என்னை அரிக்கிறது. ஓம், உம்முடைய நாளை எண்ணித்தான் எடுத்தேன். எண்ணியது பிழையாகவும் போகவில்லை. என்னை மன்னியும்.